தரை நெருங்கும்போது கண்ணை மூடியவன்

சென்னையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த என் மகன் சாமுவேலைப் பற்றி அவனுடைய பயிற்சியாளர் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. தேதி 1934 பிப்ரவரி 6, செவ்வாய். ஆம்பூரில் என் கைக்கு வந்தது வியாழன்.

"கை நன்றாக ஓடுகிறது. ஆனால் சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறான். கேட்டால், மூடவில்லை என்கிறான். இது பயமென்றால் இந்தத் தொழிலுக்கு அவன் ஏற்றவனல்ல. திங்கட்கிழமை முடிவு செய்கிறேன். நீங்கள் அறிந்தது ஏதேனும் உண்டா?"

தபால் விமானம் ஓட்டுவதற்காகவே வாழ்ந்தவன் அவன். நிறுத்திவிட்டால் நொறுங்கிப்போவான். நிறுத்தாவிட்டால்? கண்ணை மூடினால் எரியும் விமானம்தான் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. அவன் தோற்கட்டும் என்றுகூட ஒருமுறை ஜெபித்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். கடைசியில், "ஆண்டவரே, அவனுக்குள் இருப்பது என்னவென்று காட்டும்" என்று மட்டும் கேட்டேன்.

சனிக்கிழமை தோல் பதனிடும் ஷாப்புக்குப் போனேன். பதனிட்ட தோலை உள்ளங்கையால் தடவித் தரம் பிரிப்பது என் வேலை. பேரணாம்பட்டிலிருந்து வண்டியில் சரக்கு கொண்டுவந்த காசிம் பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மேஸ்திரி, தோலைப் பாத்தா அவ்ளோ பயமா? கண்ணை மூடிக்கினே தடவுறியே."

என் கை அப்படியே நின்றது. மெல்லிய குறையை விரல் உணர வேண்டுமானால் எங்கள் வரிசையில் எல்லோருமே கண்ணை மூடுவோம். மூடுவது எங்களுக்கே தெரியாது. சாமுவேல் இரண்டு வருடம் என் பக்கத்தில் நின்று தோல் தடவியவன். சக்கரம் தரையைத் தொடுவதையும் அப்படித்தான் கையால் உணரப் பார்த்திருக்கிறான்.

பயமல்ல, தொழில் பழக்கம், சொன்னால் விட்டுவிடுவான் என்று அன்று மதியமே பயிற்சியாளருக்கு எழுதித் தபாலில் போட்டேன். திங்கள் வரை தரையில் கிடந்து ஜெபித்தேன்.

புதன்கிழமை மகனின் கடிதம் வந்தது. "அப்பா, திங்கட்கிழமை இறங்கும்போது உயரத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரச் சொன்னார் பயிற்சியாளர். நாலு தடவையும் கண் மூடவில்லையாம். தொழிலுக்கு ஏற்றவன் என்று எழுதிவிட்டார்."

இன்றும் வானத்தில் இரைச்சல் கேட்டால் எனக்குப் பயம்தான். ஆனால் இப்போது கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கிறேன். பிள்ளைக்காகப் பயந்திருப்பவர்களே, என்ன கேட்பதென்று தெரியாவிட்டால் உண்மையைக் கேளுங்கள். அவர் காட்டுவார்.

ஒன்று மட்டும் நிச்சயமில்லை. என் கடிதத்தின் உறையைச் சாமுவேல் பிறகு கொண்டுவந்தான். சென்னை முத்திரையில் 12 என்று அந்தத் திங்கட்கிழமையின் தேதி தெரிகிறது, நேரம் அழிந்திருக்கிறது. நான் கேட்குமுன் பயிற்சியாளர் சீமைக்குப் போய்விட்டார். உயரத்தைச் சொல்லச் சொன்னபோது அவர் என் கடிதத்தைப் படித்திருந்தாரா என்பதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.