கண்ணாடியில் தெரிந்த நீலப் புகை

வாடிப்பட்டியிலிருந்து அப்பாவை நெஞ்சுவலியோடு மதுரைக்குக் கொண்டுபோன பழைய வாடகை அம்பாசிடரின் டிரைவர் அவர். குட்டையான மனிதர்; கழுத்தில் எண்ணெய்க் கறை படிந்த துண்டு. சாலையைப் பார்த்ததைவிடப் பக்கக் கண்ணாடியைப் பார்த்ததே அதிகம். பின்னால் நீலப் புகை சுருண்டுகொண்டே வந்தது.

"அண்ணே, வண்டி போய்ச் சேருமா?" என்றேன். அப்பா என் மடியில் கண்மூடிக் கிடந்தார்.

"ஆயில் எரியுது. மிதிக்க மிதிக்கப் புகைஞ்சா இன்ஜினுக்குள்ள பிஸ்டன் ரிங்கு தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். வழியில நின்னாலும் நின்னுரும். காலை எடுத்துட்டு மறுபடி மிதிக்கிறப்ப மட்டும் குப்புன்னு வந்தா வால்வு சீல். அது ஒண்ணும் பண்ணாது."

சமயநல்லூர் தாண்டியதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எடுத்து மிதித்தார். கண்ணாடியையே பார்த்தார்.

"வால்வு சீல்தான்" என்றார், சத்தமாக.

ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். பையை எடுக்க நான் திரும்பி வந்தபோது, அவர் பானெட்டைத் திறந்து ஆயில் பார்க்கும் கம்பியை உருவிக்கொண்டிருந்தார். நுனியில் மட்டும் ஈரம்; ஆயில் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது.

"வால்வு சீல்னீங்களே?"

"ரிங்குதான். உங்கப்பா கேட்டுக்கிட்டிருந்தாருல்ல" என்று கம்பியைத் துண்டில் துடைத்தார்.

அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் டாக்டர் அப்பாவிடம், "பயப்பட ஒண்ணுமில்லய்யா" என்று சத்தமாகச் சொன்னார். நான் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.