எங்கள் பங்கில் எல்லாருக்கும் மாரடைப்பு

ஜெர்மனியில் யாருக்கும் பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. மொழிப் பள்ளியில் டேர், டீ, டாஸ் என்று நாற்காலி மேசைக்கெல்லாம் பால் பிரிக்கச் சொல்லி என்னைப் போட்டுப் பிழிந்தார்களே ஒழிய, உயிர் போகிற இந்த விஷயத்தை மட்டும் சொல்லித்தராமல் விட்டுவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கூட வேலை பார்க்கும் ஆண்ட்ரேயாசுக்கு ஞாயிறன்று பிறந்தநாள் என்பது நினைவுக்கு வர, பெருந்தன்மையாக அப்போதே கையை நீட்டி வாழ்த்தினேன். ஆண்ட்ரேயாஸ் தண்ணீர் பம்ப் வடிவமைக்கிற பொறியாளர். கடவுளையே கணக்குப் போட்டுக் கழித்துவிட்டவர். அவர் முகம் வெளுத்துப்போனது. "நைன்! நிஷ்ட் ஃபோர்ஹேர்!", அதாவது முன்னாடி சொல்லக் கூடாது என்று அலறி மேசையைத் தட்டினார். மேசை பிளாஸ்டிக் என்பது உறைத்ததும் எழுந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். மரத்தைத்தான் தட்ட வேண்டுமாம். வாழ்த்து முந்திக்கொண்டால் பிறந்தநாள் வராமலே போய்விடுமாம்.

ரயிலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில்தான் அவருக்கு அடுத்த பிறந்தநாள் யாருடையது என்று யோசித்தேன். என்னுடையது. நாற்பத்தேழு. எங்கள் அப்பா நாற்பத்தேழைப் பார்க்கவில்லை. அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, அதற்கும் முன்பே போய்விட்டார். பெரியப்பா நாற்பதைத் தொட்டதோடு சரி. மூவருக்கும் மாரடைப்பு என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். மற்ற வீடுகளில் நிலத்தையோ மூக்கையோ முன்கோபத்தையோ பரம்பரையாகக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் இதைக் கொடுத்தார்கள். நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கியிருந்தேன். நான் பயந்தால் அதில் எண் ஏறும், எண் ஏறினால் நான் பயப்படுவேன். இப்படி ஒருவரையொருவர் உற்சாகப்படுத்திக்கொண்டு அந்த ஆண்டை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் எங்கள் பகுதிக் குடும்ப மருத்துவர், ஃபிராவ் டாக்டரிடம், அதாவது டாக்டரம்மாவிடம் போனேன். ஈசிஜி எடுத்தார். கோடு ஓரிடத்தில் கொஞ்சம் தயங்குகிறது என்றார். புது மனிதர்களைப் பார்த்தால் கூச்சப்படும் என்றேன். அதையும் கணினியில் தட்டிக்கொண்டார். பிறகு வம்சத்தில் யார் யார் எதனால் இறந்தார்கள் என்று கேட்டார். மாரடைப்பு, மாரடைப்பு, மாரடைப்பு என்று வரிசையாகச் சொன்னேன். "ஒப்டுக்ட்சியோன் செய்தார்களா?" என்றார். பிரேதப் பரிசோதனை. "கடவுள் புண்ணியத்தில் யாரையும் அறுக்கவில்லை" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் விரல்கள் அப்படியே நின்றன. "அப்படியானால் மாரடைப்பு என்று எப்படித் தெரியும்?" என்றார். எல்லாரும் சொன்னார்கள் என்றேன். அறுபடாமல் மண்ணுக்குப் போவதுதான் எங்கள் பக்கத்தில் பாக்கியம் என்று விளக்க முயன்றேன். என் ஜெர்மன் அவ்வளவு தூரம் வராமல் பாதியில் இறங்கிக்கொண்டது.

அவர் சொன்னது இதுதான். ஒரே வம்சத்தில் மூன்று ஆண்கள் ஐம்பதுக்குள் இதயத்தால் போயிருந்தால், அது இரத்தத்தில் வருகிற கோளாறாக இருக்கலாம். எனக்கு இருந்தால் என் மகளுக்கும் இருக்கலாம். அவர்கள் வயதையும் காரணத்தையும் உறுதிசெய்துகொண்டு வாருங்கள், அதுவரை மகள் ஹேண்ட்பால் விளையாட வேண்டாம் என்றார். அமலிக்குப் பதின்மூன்று வயது. பள்ளி அணியில் அவள்தான் கோல் காப்பவள். விளையாடக் கூடாது என்றதும், நான் என்ன தப்பு செய்தேன் என்று ஜெர்மனில் கேட்டாள். நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் பயம் அன்றுதான் என்னை விட்டு நகர்ந்து அவள் மேல் போய் உட்கார்ந்தது. அங்கே உட்கார்ந்த பிறகு அதைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் காலத்தில் வீட்டில் நடந்த சாவை அரசாங்கத்தில் பதிய எங்கள் ஆட்கள் போனதில்லை. பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேடு ஒன்றுதான் கதி. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிஞ்சியிருப்பவர் சித்தப்பா. சங்ககிரியில் லாரி டயர் கடை வைத்திருக்கிறார். போனில் கேட்டால், "மாரடைப்புத்தான் சாமி" என்பார். உடனே சிக்னல் போய்விடும்.

நேரிலேயே கிளம்பினேன். சேலம் சூரமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது சித்தப்பா காரோடு நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏஞ்சாமி, அத்தன தூரத்துலருந்து செத்தவிங்களப் பாக்க வந்திருக்கற. உசுரோட இருக்கறவன எப்பப் பாக்க வருவ?"

"உங்களுக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லீங்களா சித்தப்பா?"

"நெஞ்சா? உஞ்சித்தியக் கட்டிக்கிட்டு நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் தாங்குதுன்னா பாத்துக்கயேன்."

வழியில் ஒரு கடையில் நிறுத்தி எழுபது தாண்டிய அந்த மனிதர் தலைக்கறியும் இட்லியும் சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்து இட்லியை மட்டும், அதுவும் சட்னி இல்லாமல், ஆஸ்பத்திரி நோயாளிபோல் விழுங்கினேன். திருச்செங்கோட்டுப் பக்கம் திரும்பி எங்கள் பங்குக் கோயில் வாசலுக்கு வந்ததும் சித்தப்பா காரை விட்டு இறங்க மறுத்துவிட்டார். "அந்த நோட்டெல்லாம் நமக்கு ஆகாது. நீயே போய்ப் படிச்சுப்போட்டு வா. நா கல்லறையில இருக்கறேன்."

பங்குச் சாமியார் இளைஞர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றார். இரும்பு பீரோவிலிருந்து நீளமான பதிவேடுகளை எடுத்து, துணியால் துடைத்து, என் முன் வைத்தார். பெயர், தகப்பன் பெயர், வயது, காரணம், சாகும் தறுவாயில் அவஸ்தைப் பூசுதல் பெற்றாரா இல்லையா என்று கட்டம் கட்டமாக இருந்தது. பழைய பாதிரியார்கள் லத்தீனில் எழுதிய பக்கங்களைக் கடந்து தமிழ்ப் பக்கங்களுக்கு வந்தேன். விரலை வைத்துக்கொண்டு இறங்கினேன். ஓரிடத்தில் விரல் நின்றது. 'இராயப்பன், வயது 45, மாரடைப்பு, அடக்கம் செய்யப்பட்டார்.'

இராயப்பன் என்பது என் பெயர். அப்பாரு பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம் என்பதும், ஆகவே அடக்கம் செய்யப்பட்டவர் நான் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கை தானாகப் போய்க் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது. கடிகாரம் என்னை உட்காரச் சொல்லி அதிர்ந்தது. உட்கார்ந்துதான் இருந்தேன். அடுத்த நோட்டில் பெரியப்பா, மாரடைப்பு. அதற்கடுத்ததில் அப்பா, வயது 46, மாரடைப்பு. ஆக மூன்றும் சரி. அமலியின் விளையாட்டுக் காலணிகளை எங்கே வைத்து மறைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போதுதான் அப்பாவுக்கு மேல் வரியைப் பார்த்தேன். மாரடைப்பு. கீழ் வரியும் மாரடைப்பு. பக்கத்தைத் திருப்பினேன். பனையேறி சவரிமுத்து, மாரடைப்பு. எட்டு வயதுப் பெண் குழந்தை, மாரடைப்பு. ஒரே நாளில் புருஷனும் பெண்டாட்டியும், இருவருக்கும் மாரடைப்பு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் குடும்பம் மட்டுமல்ல, ஒரு ஊரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் சாமியார் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நானும் வந்த புதுசுல இப்பிடித்தானுங்க பயந்தேன். இந்த ஊருத் தண்ணியில என்னமோ இருக்குதுன்னு ஒரு மாசம் கேன் தண்ணிதான் குடிச்சேன். அப்பறந்தான் சொன்னாங்க. அப்ப கோயில் நோட்டு எழுதிட்டிருந்த உபதேசியாரு, யாரு எப்பிடிச் செத்தாலும் இதத்தான் எழுதுவாராமுங்க."

கல்லறைத் தோட்டத்தில் சித்தப்பா எங்கள் குடும்பக் குழியருகே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் தெரிந்துவிட்டது என்பது என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். கேட்காமலே பேசினார்.

"உங்கப்பாரு ராத்திரி தண்ணி கட்டப் போனாரு. பாம்பு. உங்க பெரியப்பன் மோட்டார் ரூமுல. கள்ளத்தனமாக் கொக்கி போட்டு எடுத்த கரண்டு. வெளிய சொன்னா போலீசு வருவான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி அறுத்து மூட்டையாக் கட்டிக் குடுப்பான். அந்த ரிப்போட்டு இல்லாம சாமியாரும் பொதைக்க மாட்டாரு. உபதேசியாருதான் எழுதிக் குடுத்தாரு. புண்ணியவான், ஊருக்கே எழுதிக் குடுத்தாரு."

"அப்பா?"

சித்தப்பா துண்டில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மனம் போன இடத்தை எழுதவே கூசுகிறது. பாம்பாக இருக்கட்டும், கரண்டாக இருக்கட்டும் என்று வேண்டினேன். எதுவாக இருந்தாலும் அமலிக்கு நல்லது. அதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறதே என்பது தோன்றியதும் வாய் முந்திக்கொண்டது. "மருந்து குடிச்சாருங்களா?" எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியில் மருந்து என்றால் பயிருக்கு அடிப்பது.

"அட, கூறு கெட்டவனே!" சித்தப்பா எழுந்தேவிட்டார். "நாந்தான்றா பக்கத்துல இருந்தேன், மாத்து டிரைவரா. தொப்பூர் எறக்கத்துல லோடு வண்டி. நெஞ்சப் புடிச்சான். அப்பவும் வண்டிய ஓரங்கட்டி, இண்டிகேட்டரப் போட்டு, 'டேய், வீலுக்குக் கல்லு வெய்யி'ன்னான். வெச்சுப்போட்டு ஏறி வந்து பாக்கறேன், ஸ்டேரிங்குல சாஞ்சு கெடக்கறான்." என் தோளை அழுத்திப் பிடித்தார். அவர் கண்ணில் நீரும் ஒரு பெருமையும் சேர்ந்து தெரிந்தன. "அந்த நோட்டுலயே உங்கொப்பனுது ஒண்ணுதான் நெசமான மாரடைப்பு. ஆரு கேட்டாலும் தைரியமாச் சொல்லு சாமி."

இவ்வளவு தூரம் பறந்து வந்ததற்குப் பரிசாகத்தான் அதைக் கொடுத்தார். பொய்யில்லாத, போலீசில்லாத, யாரிடமும் மறைக்க வேண்டாத சாவு. நான் அமலியை நினைத்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டு, பேச்சை மாற்ற, அப்பாவுக்குப் பக்கத்து இடத்தைக் காட்டினார். "இது உனக்குத்தான் வெச்சிருக்குது. ஒண்ணும் அவசரமில்ல."

திரும்பிப் போனபோது சாமியார் சான்றிதழ் எழுதி முடித்திருந்தார். மூவரும் மாரடைப்பில் இறந்ததாக, வட்ட முத்திரையோடு. இரண்டு பொய் என்றேன். "பதிவேட்டுல இருக்கறதத்தானுங்க நான் எழுத முடியும். மத்ததுக்கெல்லாம் எங்கிட்ட ஸ்டாம்ப் இல்லீங்க" என்றார்.

முத்திரை குத்திய தாளைக் கண்டால் ஜெர்மானியர்களுக்கு முகம் மலரும். மொழிபெயர்ப்போடு நீட்டியபோது ஃபிராவ் டாக்டருக்கும் மலர்ந்தது. இதில் இரண்டு பொய் என்றேன். வாடியது. யார் பொய் சொன்னது என்று கேட்டார். ஊர் என்றேன். எதற்கு? அறுக்காமல் புதைப்பதற்கு. கணினியில் இரண்டு வரிகளை அழித்தார். "மூன்றாவது உண்மை என்று எப்படித் தெரியும்?" என்றார். அப்பா இண்டிகேட்டர் போட்டுவிட்டு இறந்தார் என்று சொன்னேன். அதை எழுதிக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

மூன்று ஒன்றானதில் எல்லாம் மாறியது, எதுவும் தீரவில்லை. அமலிக்கு எக்கோ எடுத்தார்கள். இப்போதைக்குக் குறையில்லை, விளையாடலாம், ஆனால் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு மாத்திரை கொடுத்து, குளிர் முடிந்ததும் இன்னொரு தடவை வரச் சொன்னார்கள். இதயம் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. கெடவில்லை என்றும் சொல்லவில்லை. ஜெர்மனில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. மிக நீளம், சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும்.

என் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் அமலிக்கு ஆட்டம். விளையாட்டு அரங்கில் பெற்றோர் கூட்டத்தோடு உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு முறை பாயும்போதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சித்தப்பா.

"சாமி, நாளைக்கு மறந்துபோட்டாலும் போடுவேன். இப்பவே சொல்லிப்போடறேன். பொறந்தநாள் வாழ்த்துக்கள்! நூறு வருசம் நல்லா இருக்கோணும்!"

"ஐயோ, சித்தப்பா!" என்றேன். சிக்னல் போய்விட்டது.

இருக்கையைத் தட்டினேன். பிளாஸ்டிக். கைப்பிடி, இரும்பு. சுவர், சிமென்ட். அரங்கம் முழுக்கத் தேடினேன். மரம் என்று இருந்தது ஒன்றுதான், கீழே ஆட்டக்களத்தின் தரை. வெளிச் செருப்போடு அதில் கால் வைக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். படியிறங்கிப் போய், எங்கள் கோயில் வாசலில் கழற்றுவதுபோல் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தேன். களத்தின் விளிம்பில் மண்டியிட்டேன். வலது கையால் சிலுவை போட்டுக்கொண்டே இடது கையால் ஜெர்மன் தரையைத் தட்டினேன். நடுவர் ஊதலை வாயில் வைத்தபடி என்னையே பார்த்தார். வலைக்கு முன்னால் நின்ற அமலி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதும் நான் நிறுத்தவில்லை.