பதினோரு சட்டை காய்ந்த கம்பி

லகாட் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு திடல் இருந்தது. இப்போது இல்லை. திடல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு பக்கமும் பால்மரம், நடுவில் பந்து விளையாட ஓர் இடம், அவ்வளவுதான். மேல் கோல் கம்பத்துக்குப் பின்னால் ரப்பர் சீட்டுகளைக் காய வைக்கும் புகைக்கொட்டகை. கீழ் கோலுக்குப் பின்னால் ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டை. நிலம் குட்டைப் பக்கம் சரிந்திருக்கும். ஓங்கி உதைத்தால் பந்து தண்ணீரில்தான். யாராவது ஒருத்தர் குதித்து எடுத்து வருகிற வரைக்கும் ஆட்டம் நிற்கும்.

கணக்கெழுதும் கிராணி வீட்டு ஆட்களுக்குத் தகரக் கூரையும் பெஞ்சும் உண்டு. லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்களைப் போன்ற வேலையாட்கள் நின்று பார்ப்பார்கள். நான் அவர்களோடுகூட நிற்க மாட்டேன், மரத்துக்குப் பின்னால் இருந்து பார்ப்பேன். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எழுபதுகளில் எங்கள் குழுவுக்கு வெள்ளைச் சட்டை, முதுகில் சிவப்பு நம்பர். ஆட்டம் முடிந்ததும் பதினோரு சட்டையும் ஒரே மூட்டையாகக் கேப்டன் வீட்டுக்குப் போகும். கேப்டன் பெண்சாதி துவைக்க வேண்டும், அதுதான் வழக்கம். அவள் எனக்குப் பக்கத்து வீடு. இரண்டு பேரும் ஒரே வருசம் கல்யாணமாகி வந்தவர்கள், ஒரே நிரை மரங்களில் பால் வெட்டியவர்கள். அவள் புருசன் ஒன்பதாம் நம்பர். என் வீட்டுக்காரர் புகைக்கொட்டகையில் வேலை. விளையாட்டுக்கும் அவருக்கும் தூரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாசல் கம்பியில் ஒன்று முதல் பதினொன்று வரை வரிசையாகச் சட்டைகள் ஆடும். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பேசுவார்கள். "என்னா தங்கச்சி, எட்டாம் நம்பர் நேத்து சேத்துல உருண்டானே, கறை போச்சா?" என்பார்கள். எங்களை வேலை வாங்கும் மண்டோர்கூட நிற்பார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என்னவோ பதினோரு பேரையும் அவளே பெற்ற மாதிரி பதில் சொல்வாள். என் கம்பியில் என் வீட்டுக்காரரின் கைலி மட்டும் தொங்கும். அதைப் பார்த்து யார் நிற்பார்கள்? வேறு எதுவும் கேட்கவில்லை நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சட்டைகள் என் வாசலில் காய வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் அவள் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பக்கத்துத் தோட்டத்தோடு பெரிய ஆட்டம் வருகிற சமயம். கேப்டன் மூட்டையோடு வாசலில் நின்று, "இத யாருகிட்டலா குடுக்கிறது?" என்று முழித்தார். என் வாய் எப்படித் திறந்ததோ தெரியவில்லை.

"நான் தொவைக்கிறேண்ணே."

துவைத்தேன். நீலம் போட்டேன். கம்பியில் நம்பர் பார்த்து மாட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக விடவில்லை. சட்டைகள் வீட்டுக்குள்ளேயே ஈரத்தில் நாறின. ஒரு ஆள் நின்று பேசவில்லை, பேச எங்கே, யாரும் வெளியிலேயே வரவில்லை. மறுநாள் ஆட்டம். நான் என் வீட்டுக்காரரிடம், "கொட்டகையில சூடாத்தானே இருக்கு, ஒரு ஓரமா மாட்டிருங்க" என்றேன்.

"சீட்டு காயிற எடத்துல சட்டையா? மண்டோரு பாத்தா தோல உரிச்சிருவாரு."

"ஒருநாள்தானே."

முனகிக்கொண்டே எடுத்துப் போனார். மறுநாள் கொண்டு வந்தார். மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. ஆனால் வெள்ளை இல்லை. பால் ஊற்றாத தேத்தண்ணி நிறம். பக்கத்தில் கொண்டு போனால் மூக்கு எரியும் புகை வாடை. நான் அழுதே விட்டேன். கேப்டன் வந்து ஒரு சட்டையை விரித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

திடலில் எதிர்க் குழு விழுந்து விழுந்து சிரித்தது. "டேய், என்னடா இது, இவனுங்களும் சீட்டோட சேந்து காய்ஞ்சிட்டானுங்க! மொதத் தரமா, ரெண்டாந்தரமா?"

"மொதத் தரம்லா மச்சான்," என்றார் எங்கள் கேப்டன். "கிட்ட வந்து மோந்து பாரு."

மரத்துக்குப் பின்னால் நான் மண்ணுக்குள் போய்விடலாமா என்று நின்றேன். ஆனால் ஒரு கோலில் நாங்கள் ஜெயித்தோம். எல்லாரும் புகைதான் ராசி என்று கத்தினார்கள். இனி மூட்டை என் வீட்டுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

வரவில்லை. அடுத்த வாரம் அவள் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். மூட்டை நேராக அவள் வீட்டுக்குப் போனது. அவள் மாமியார் துவைத்தாள். "என்னக்கா, நான் கொஞ்ச நாள் இல்லன்னதும் சட்டையெல்லாம் கருவாடாக்கிட்டீங்க!" என்று அவள் குழந்தையை ஆட்டிக்கொண்டே சிரித்தாள். அவர்கள் எலுமிச்சை போட்டார்கள், வெயிலில் போட்டார்கள், அந்த நிறம் போகவே இல்லை. அதில் எனக்கு ஒரு திருப்தி. அவள் கம்பிதான், நிறம் என்னுடையது. ஆனாலும் ஆட்கள் அவளிடம்தான் நின்று பேசினார்கள். இந்தத் திடலே ஒழிந்தால் என்ன என்று மனசுக்குள் சொன்னேன், பல தடவை.

எண்பதுகளில் தோட்டத்தை விற்றார்கள். அளக்க வந்தவர்கள் முதலில் சிவப்புக் குச்சி நட்டது திடலில்தான், மரம் வெட்டும் வேலை இல்லாத இடம் அது ஒன்றுதானே. கோல் கம்பங்களைப் பிடுங்கிய அன்று கேப்டன் குட்டை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல மரத்துக்குப் பின்னால். நான் மனசுக்குள் சொன்னதுதான் பலித்துவிட்டதோ என்று பயமாக இருந்தது.

பிறகு லயத்தையும் காலி செய்யச் சொன்னார்கள். அவளும் கேப்டனும் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலைக்கு, நாங்கள் சிலிபினில் ஒரு வீட்டுக்கு. லோரி நின்றுகொண்டிருக்கும்போது அவள் சட்டை மூட்டையோடு வந்தாள்.

"நீங்களே வச்சுக்குங்கக்கா. எங்களுக்கு மாடி வீடு, காயப்போட எடமில்ல. ஒங்களுக்கு இதுமேல ஒரு கண்ணுன்னு எனக்குத் தெரியும்லா."

மூட்டையை வாங்கிக்கொண்டேன். அத்தனை வருசமும் தெரிந்தேதான் இருந்திருக்கிறாள்.

சிலிபினில் முதல் ஞாயிற்றுக்கிழமை சட்டைகளைத் துவைத்து வாசல் கம்பியில் மாட்டினேன். எட்டாம் நம்பர் வரை மாட்டினேன். அடுத்து பத்துதான் கையில் வந்தது. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்பதை, தன் புருசன் சட்டையை, அவள் வைத்துக்கொண்டாள். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு சட்டை அகலம் இடம் விட்டே மாட்டினேன்.

பக்கத்து வீட்டுச் சீனத்தி வேலியோரம் நின்று, "அம்மா, பத்து ஆம்பளப் பிள்ளையா?" என்று மலாய் பாஷையில் கேட்டாள். என் கம்பியைப் பார்த்து நின்று பேசிய முதல் ஆள். திடலைப் பற்றிச் சொல்லப் போகாமல், ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

திடல் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். குட்டையை வைத்துத்தான் இடம் தெரிகிறது. சட்டைகள் பெட்டியில் இருக்கின்றன. அவள் ஜெலாப்பாங்கில் அந்த ஒன்றை எந்தக் கம்பியில் காயப்போடுகிறாளோ.