பாக்கெட்டில் இருந்த குக்கர் வெயிட்டு

பிரெட் துண்டுகளை இட்லி மாதிரி ஒவ்வொன்றாக வார்க்கிறார்கள் என்று இருபத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பேக்கரியில் சதுரக் குழி வைத்த தட்டு ஒன்று இருக்கும், மாவை ஊற்றி எடுப்பார்கள், அவ்வளவுதான் என்று. அரசாங்கம் என்னை நம்பி ஃபைல் பார்க்கச் சொன்ன வயது அது. யாரும் கேட்காததால் இந்த அறிவு வெளியே தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், மனைவிக்கு மூன்றாம் மாதம் நடந்தபோதுதான் தெரிந்தது. சோறு வடிக்கும் வாசனைக்கே வாந்தி எடுப்பாள். தண்ணீர்கூட நிற்காது. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா, “திங்கக்கெழமைக்குள்ள எதாவது வயித்துல நின்னா சரி. இல்லன்னா அட்மிட் பண்ணி டிரிப் ஏத்திடலாம்” என்றார்.

“என்னதான் வேணும், சொல்லு” என்றேன் அவளிடம்.

“மெட்ராஸ்ல பொருட்காட்சிக்குப் போனோமே, அங்க சாண்ட்விச் வாங்கிக் குடுத்தீங்க. வெள்ளரிக்கா, பச்ச சட்னி வெச்சி. அதுன்னா எறங்கும்னு தோணுது.”

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் பிரெட் வாங்கி வந்தேன். காகிதத்தைப் பிரித்ததும் இனிப்பும் வனஸ்பதியும் கலந்து அடித்த வாசனைக்கு அவள் தோட்டத்துப் பக்கம் ஓடினாள். நான் பேக்கரிக்கு ஓடினேன்.

“இனிப்பு போடாத பிரெட் இருக்குங்களா?”

பேக்கரிக்காரர் மேலும் கீழும் பார்த்தார். “யாருக்கு சார் ஜுரம்?” எங்கள் ஊரில் பிரெட் கேட்டால் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

“ஜுரம் இல்லீங்க. சம்சாரம் மாசமா இருக்காங்க.”

“இனிப்பு இல்லாம போட்டா ஜுரக்காரனே திங்க மாட்டான் சார். வேணும்னா நீங்களே வீட்ல போட்டுக்குங்க.”

கிண்டலாகத்தான் சொன்னார். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நகர மாட்டேன் என்று தெரிந்ததும், முந்தின நாள் புளித்த மாவில் இரண்டு உருண்டை கொடுத்து வழியும் சொன்னார். மைதாவோடு பிசைந்து உப்ப விட வேண்டும். குக்கருக்குள் மணலைக் கொட்டி, அதன்மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து மூட வேண்டும். தண்ணீரே கூடாது. “ரப்பரையும் வெயிட்டையும் மறக்காம கழட்டிடுங்க சார்.”

சனிக்கிழமை சுட்டதை அம்மிக்குத் துணையாகப் போடலாம். அவசரத்தில் உப்ப விடவில்லை. மீதி ஒரு உருண்டை இருந்தது. கையில் ஒரு நாளும் இருந்தது. விடுவதாக இல்லை.

ஞாயிறு காலை பிசைந்த மாவை என் மப்ளரில் சுற்றி, வெயிலில் வைத்துக் காவல் காத்தேன். மதியம் அது இரண்டு மடங்காகியிருந்தது. குக்கரில் வைத்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து, எதிரில் உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. எத்தனை விசில் என்று கேட்கவில்லையே!

அரை மணி நேரமாயிற்று. ஒரு விசில்கூட வரவில்லை. விசில் வரவில்லையென்றால் அடைத்துக்கொண்டிருக்கிறது, அடைத்துக்கொண்டால் வெடிக்கும். அதுவும் மாமனார் வாங்கிக் கொடுத்த குக்கர். பாயில் படுத்திருந்தவளை எழுப்பித் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டேன்.

எதிர்வீட்டம்மா வாசலில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தார். “என்னா சார், பூகம்பமா?”

“குக்கர் வெடிக்கப் போவுதுங்க! அரை மணி நேரமா விசிலே வரல!”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “வெயிட்டு போட்டீங்களா?”

“இல்ல. கழட்டிட்டேன்.”

“எங்க வெச்சீங்க?”

சட்டைப் பையைத் தொட்டேன். கனத்தது.

“அப்போ விசில் உங்க பாக்கெட்லருந்துதாங்க வரணும்” என்றாள். எதிர்வீட்டம்மா சிரித்த சிரிப்பில் வடாம் துணியை மிதித்துவிட்டார்.

உள்ளே போய் இன்னும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், பையில் கை வைத்தபடி. வெளியே வந்தது வட்டமாக, ஒரு பக்கம் சாய்ந்து, அடி கறுத்திருந்தது. ஆற வைத்துக் கறுப்பைச் சுரண்டி, அருவாமணையில் அரிந்தேன். துண்டு துண்டாக விழுந்தது. பிரெட் துண்டுகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெண்ணெய் தடவி, கொத்தமல்லிச் சட்னி பூசி, வெள்ளரிக்காயை அடுக்கி நீட்டினேன்.

“மெட்ராஸ்ல சதுரமா இருந்துச்சி” என்றாள்.

இரண்டு சாண்ட்விச் சாப்பிட்டாள். வாந்தி வரவில்லை. திங்கட்கிழமை நான் ஆபீசுக்குப் போனேன், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.