பெய்ஷெனாலியின் தலையளவு நூல்

பெய்ஷெனாலி என்ற பெயரை அனார்கான் முதன்முதலாகக் கேட்டது ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகையில். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பெரிய அத்தையின் இரண்டாவது மகள், பின்னால் நாரின் ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் வரிசையாக மூன்று பெண் பெற்றாளே, அவள்தான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாசலைக் காட்டிச் சொன்னாள்.

"ஏ அனார், அந்தா வர்றான் பாரு, பெய்ஷெனாலி. பட்டாளத்துல தொப்பி பத்தாம ரெண்டு மாசம் வெறுந்தலையா நிறுத்தி வச்சிருந்தாங்களாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? தலையப் பாருடி. விருந்துக்கு ஆக்குற கொப்பரையாட்டம் இருக்கு."

அனார்கான் பார்த்தாள். தலை பெரியதுதான். ஆனால் தலைக்குக் கீழே இருந்தவன் கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கிடாய்களை இடுக்கிக்கொண்டு, அவற்றோடு ஏதோ பேசிச் சிரித்தபடி வந்தான். அந்த இலையுதிர்காலமே அவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அதன்பிறகு அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. முதலில் "ஏங்க", மகள் பிறந்த பிறகு "ஜிபெக் அப்பா".

ஜும்கால் பள்ளத்தாக்கில் கல்பாக் இல்லாத ஆண்பிள்ளையும் சேணம் இல்லாத குதிரையும் ஒன்று. வெள்ளைக் கம்பளியில் நான்கு துண்டு வெட்டிக் கூம்பாகத் தைக்கிற தொப்பி அது. கடைத்தொப்பி எதுவும் பெய்ஷெனாலிக்குப் பொருந்தியதில்லை. வைத்தால் பூசணிக்காய் மேல் கிண்ணம் கவிழ்த்தது போல நிற்கும். அவருடைய அம்மா உயிரோடிருந்தபோது ஒன்று தைத்து, பத்தாமல் பிரித்து, மறுபடி தைத்துக் கொடுத்ததுதான் அவருக்கு இருந்த ஒரே தொப்பி. இருபது வருஷ மழையில் அது சாம்பல் நிறமாகிவிட்டது. அனார்கான் ராட்டையில் உட்கார்ந்தால் கெட்டிக்காரி. ஊசி பிடித்தாலோ சாக்குத்தான் தைப்பாள்.

சங்கடம் தொப்பி இல்லாததில் இல்லை. சம்பந்தி மரியாதையில்தான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தகப்பனுக்கு நீள அங்கி போர்த்தி, புதுத்தொப்பி ஒன்றைச் சபை நடுவில் தலையில் வைப்பார்கள். பெய்ஷெனாலியின் தங்கை கல்யாணத்தில் அப்பா ஸ்தானத்தில் அவர்தான் நின்றார். வைத்த தொப்பி அவர் குனிந்ததும் உருண்டு அடுப்புச் சாம்பலில் விழுந்தது. தரையில் கூட வைக்கக்கூடாத பொருள்! மூன்றாம் வருஷம் அந்தத் தங்கை பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்துவிட்டாள். புருஷன் குடிகாரன் என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் ஊர் தொப்பியைத்தான் சொன்னது.

சோவியத் ஒன்றியம் உடைந்த இரண்டாம் வருஷம் ஜிபெக்குக்கு, கணவாய்க்கு அப்பால் கொச்கோரில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை தெமிர்பெக். தகப்பன் ஒரோசாலி, தாய் புருல்சா. காதணி போட்டு உறுதி செய்துவிட்டுப் போன மறுநாளே பெய்ஷெனாலி ஆரம்பித்தார்.

"கல்யாணத்தன்னிக்கு நான் மலைக்குப் போயிர்றேன். குதிரை காணாமப் போச்சுன்னு சொல்லிரு."

"பெத்தவரு இல்லாத கல்யாணமா?"

"தங்கச்சிய ஒருக்கா சாம்பல்ல போட்டது போதாதா? எம்மவளையும் போடவா?"

அவர் சொன்னால் செய்கிற ஆள். அனார்கானுக்குக் கலக்கமாகிவிட்டது. தொப்பி சரியான அளவில் வந்தாக வேண்டும். ஆனால் "எங்க வீட்டுக்காரருக்குப் பெரிசாத் தைங்க" என்று எப்படிக் கேட்பது? மரியாதையைக் கேட்டு வாங்குவதா? மாதிரிக்குப் பழைய தொப்பியை அனுப்பலாம் என்றால், ஆண்பிள்ளை போட்ட தொப்பியை இன்னொருவர் கையில் கொடுப்பது அவன் அதிர்ஷ்டத்தையே கொடுப்பது மாதிரி.

ஒரு மத்தியானம் புல் அறுத்துவிட்டு வந்து பெய்ஷெனாலி அசந்து தூங்கினார். அனார்கான் சத்தமில்லாமல் அவர் தலையைச் சுற்றி நூலைப் பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டாள். கையில் அகப்பட்டது கன்றுக்குட்டிக் கயிற்றுக்காக அவள் முறுக்கி வைத்திருந்த கறுப்பு வெள்ளை நூல். அதைத் துணியில் சுற்றி, கொச்கோருக்குப் போய்வருகிற பால்வண்டி எசெனிடம் கொடுத்தாள்.

"இத எங்க சம்பந்தியம்மா கையில மட்டும் குடு தம்பி. ஒண்ணும் சொல்ல வேணாம். அவங்களுக்கே புரியும்."

புருல்சா கைதேர்ந்த தையல்காரி. நூலைப் பார்த்தால் அளவென்று தெரியாதா?

ஒன்பது நாள் கழித்து எசென் பதில் பொட்டலம் கொண்டுவந்தான். அவிழ்த்தால், உள்ளங்கை அளவில் ஒரு வெல்வெட் தொப்பி. உச்சியில் கண்ணேறு கழிய ஆந்தை இறகு. கைக்குழந்தைக்குப் போடுகிறது.

பெய்ஷெனாலி அதைக் கட்டைவிரலில் மாட்டித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடி இது? என் மூக்குக்கு அனுப்பியிருக்காங்களா?"

"எனக்கென்ன தெரியும்?"

"நீ என்ன அனுப்பின?"

"ஒண்ணுமில்ல. ஒரு நூலு."

"நூலு அனுப்பினா தொப்பி வருமா? அப்ப ஒரு ஆணி அனுப்பு, குதிரை வரட்டும்."

அவர் சிரித்தார். அனார்கானுக்குச் சிரிப்பு வரவில்லை. கேலியா? கேலி செய்கிறவர்கள் ஆந்தை இறகு வைத்து இத்தனை நுணுக்கமாகத் தைப்பார்களா? சீக்கிரம் பேரன் பிறக்கட்டும் என்ற வாழ்த்தா? வாழ்த்தென்றால் கல்யாணத்துக்கு முன்னாலா? உப்புப் போட்டுக் குடிக்கிற தேநீரில் அன்று இரண்டு தரம் உப்புப் போட்டாள். மறுநாள் போடவே இல்லை.

அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் புருல்சாவே வந்து இறங்கினாள். கூட அவளுடைய நாத்தனார். வந்தவர்கள் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டதோடு சரி. வெண்ணெயைத் தொடவில்லை. புருல்சாவின் கண் வீடெல்லாம் மேய்ந்தது. மெத்தை அடுக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"தூங்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எது சம்பந்தியம்மா?"

"சின்னது."

"சின்னதா... அது வெளிய கட்டிக் கெடக்கு."

"கட்டியா போட்டிருக்கீங்க!"

"அவுத்து விட்டா தாய்கிட்டப் போயி எல்லாப் பாலையும் குடிச்சிருமே."

புருல்சாவும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாத்தனார் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணி, அது கன்னுக்குட்டி" என்றாள்.

அப்போது ஜிபெக் தேநீர்க் கிண்ணங்களோடு வந்தாள். புருல்சா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத மகளே. நடந்தது நடந்துபோச்சு. புள்ள யாரோடதுன்னு நான் கேக்கவே மாட்டேன். நூலு வந்ததப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரு குதிக்கிறாரு, சம்பந்தமே வேணாம்ங்கிறாரு. நான்தான், இரு, கண்ணால பாத்துட்டு வர்றேன்னு வந்தேன். மறைக்காம ஒத்துக்கிட்ட குடும்பம் நல்ல குடும்பந்தான்னு சொன்னேன்."

ஜிபெக் கையிலிருந்த கிண்ணம் விழுந்தது. "அம்மா, இவங்க என்னம்மா சொல்றாங்க?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அனார்கான் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எந்தப் பிள்ளை? யார் ஒத்துக்கொண்டது?

"நீங்கதானே அனுப்பினீங்க?" புருல்சா மடியிலிருந்து நூலை எடுத்து மெத்தைமேல் போட்டாள். கறுப்பும் வெள்ளையும்.

அதைப் பார்த்த பிறகுதான் அனார்கானுக்கு மண்டையில் உறைத்தது. குழந்தை நிற்கப் பழகியதும் அதன் கால்களைக் கறுப்பு வெள்ளை நூலால் கட்டுவார்கள். பிள்ளைகளை ஓடவிட்டு, முதலில் வருகிறவர் கையால் வெட்டச் சொல்வார்கள், இனி தடுக்காமல் நடக்கட்டுமென்று. ஜிபெக்குக்கு அவளே கட்டியவள்தான். அப்படியிருந்தும் கன்றுக்குட்டிக் கயிறு என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டாள். கல்யாணம் நிச்சயமான வீட்டிலிருந்து அந்த நூல் போனால் யார்தான் வேறு என்ன நினைப்பார்கள்?

நல்லவேளை, பெய்ஷெனாலி வாசற்படியில் குனிந்து உள்ளே வந்தார். அழுகிற மகள், உடைந்த கிண்ணம், விறைத்த சம்பந்தி.

"யாரு செத்துட்டா?" என்றார்.

"ஜிபெக் அப்பா, உக்காருங்க. தொப்பிய எடுங்க."

"விருந்தாளி முன்னாலயா?"

"எடுங்கங்கிறேன்ல!"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படி அதட்டியதில்லை. அவர் உட்கார்ந்தார். அனார்கான் நூலை அவர் நெற்றியில் வைத்துப் பின்மண்டை வழியாகச் சுற்றினாள். முடிச்சும் முடிச்சும் முத்தமிட்டுக்கொண்டன.

வெளியே கன்றுக்குட்டி கத்தியது.

"யம்மாடி," என்றாள் நாத்தனார். "இது தலையளவா? நூலு இம்புட்டு நீளமா இருக்கே, புள்ள நல்லாக் கொழுகொழுன்னு இருக்கும்போலன்னுல்ல நாங்க பேசிக்கிட்டோம்!"

புருல்சா சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் மெத்தை அடுக்கில் சாய்ந்தாள். ஜிபெக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பெய்ஷெனாலிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. நூல் தலையில் இருந்தபடியே, "அப்ப அந்தச் சின்னத் தொப்பி யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று வெண்ணெய்க் கிண்ணம் காலியாயிற்று.

ஒரோசாலியின் கோபம் ஆற ஒரு வாரம் பிடித்தது. முழுசாக நம்பினாரா என்றால் அதுவும் இல்லை. "அம்மாம் பெரிய தலை உலகத்துல உண்டா? புள்ளைய எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காங்க" என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டுதான் இருந்தாராம்.

கல்யாணத்தன்று பெய்ஷெனாலி மலைக்குப் போகவில்லை. ஒரோசாலி எதிரே வந்து நின்று அந்தத் தலையை நேரில் பார்த்தார். வாய் தானாகத் திறந்துகொண்டது. அங்கியைப் போர்த்திவிட்டு, புதுக் கல்பாக்கைத் தூக்கி வைத்தார். அனார்கான் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொப்பி விழவில்லை. வழுக்கிக்கொண்டு புருவம் தாண்டி, கண்ணை மறைத்து, மூக்கில் வந்து நின்றது. நான்கு துண்டு போதாதென்று புருல்சா ஐந்தாவதாக ஒன்று சேர்த்திருந்தாள். சபையில் பத்தாமல் போய்விடக் கூடாதே என்று இரண்டு விரல் கூட்டியும் வைத்தாள். அவளுக்குத் தெரியாமல் நாத்தனாரும் இரண்டு விரல் கூட்டிவிட்டாள்.

"ஜிபெக் அப்பா, மேல தள்ளிக்கோங்க!" என்று அனார்கான் கிசுகிசுத்தாள்.

"பேசாம இரு. எனக்குப் பெரிய தொப்பின்னு ஒண்ண இன்னைக்குத்தான் போடுறேன்."

சம்பந்தியைக் கட்டிப்பிடிப்பதாக நினைத்துப் பால்வண்டி எசெனைக் கட்டிப்பிடித்தார். அன்று முழுக்க அப்படியே சுற்றினார். சுருக்கித் தருகிறேன் என்று புருல்சா எத்தனையோ தரம் கேட்டும் தரவில்லை.

ஜிபெக்குக்கு இரண்டாம் வருஷம் மகன் பிறந்தான். ஆந்தை இறகு வைத்த அந்தச் சின்னத் தொப்பியைப் போட்டுப் பார்த்தார்கள். ஏறவில்லை.

பெய்ஷெனாலிக்கு இப்போது எண்பது நடக்கிறது. ஜும்காலில் அதே வீட்டில் அனார்கானோடு இருக்கிறார். கோடையில் பேரனோடு மேய்ச்சலுக்குப் போகிறார். ஐந்து துண்டுத் தொப்பி உள்ளே கம்பளி மடித்து வைத்தபடி அவர் தலையில்தான் இருக்கிறது.