மடிக்குள் அடங்கிய பைனாகுலர்

பைனாகுலர் வாங்கத் திருவனந்தபுரம் போனபோதே அக்காள் கணவரோடு எனக்குச் சண்டை.

"சின்னது போரும்லே, மடியில கெடக்கும். உனக்குக் கழுத்துல கல்லு கெட்டித் தூக்கணுமா?"

"அந்தி மயங்கினா சின்னதுல ஒண்ணும் தெரியாது அத்தான்" என்று நான் நடுத்தர அளவில் ஒன்று வாங்கினேன். அவர் சின்னதை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

எங்கள் பாறசாலைப் பக்கத்துப் பன்றி வேட்டையில், பைனாகுலர் பார்ப்பவர் சொன்னதும் துப்பாக்கிக்காரன் சுட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. அன்று துப்பாக்கி என் கையில் இருந்தது. அந்தி மங்கலில் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் அசைந்தது. அத்தான் தன் பைனாகுலரில் பார்த்தார்.

"பன்னியாக்கும். சுடுலே!"

மனம் கேட்காமல் என்னுடையதில் பார்த்தேன். குனிந்து கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவன், வரப்புத் தகராறில் அத்தான்மேல் வழக்குப் போட்டிருந்த பக்கத்துத் தோட்டக்காரன்.

"ஆளாக்கும் அத்தான்!"

"சின்னதுல தெரியல்ல மக்கா" என்றார் நிதானமாக.

அதைப் பிடுங்கிப் பார்த்தேன். மங்கல்தான். ஆனாலும் அவன் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துண்டு நன்றாகவே தெரிந்தது.

நான் சுட்டிருந்தால் மகாராஜாவின் கோர்ட்டில் கொலைகாரனாக நின்றிருப்பவன் நான், அவரல்ல.

அக்காளுக்காக இன்றும் அந்த வீட்டில் சாப்பிடுகிறேன். அந்த ஆளை அத்தான் என்று கூப்பிட மட்டும் அதன்பின் வாய் வரவில்லை.