ஜீனத்தம்மா எடுத்த நிக்காஹ் பட்டு

காஜியார் வீதிப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், மண்டபம் பிடிப்பதற்கு முன்பே ஜீனத்துன்னிசாவுக்கு ஆள் போய்விடும். புடவை எடுக்க அவர் வர வேண்டும். இதற்கு அவருக்குச் சம்பளமும் கிடையாது, கமிஷனும் கிடையாது. கடையில் ஒரு ரோஸ்மில்க் கொடுப்பார்கள், அதுவும் சர்க்கரை வந்த பிறகு நின்றுபோனது. ஆனாலும் அவரைக் கூப்பிடாமல் யாராவது தாங்களாகப் போய் எடுத்துவிட்டால், அந்தக் கல்யாணத்துப் பிரியாணி அவருக்குத் தொண்டையில் இறங்காது.

ஆளும் அதற்கேற்ற ஆள்தான். நல்ல உயரம், உயரத்துக்குத் தகுந்த குரல். நேரு வீதிப் பட்டுக்கடையில் அவருடைய கறுப்பு அபாயா படியேறுவதைப் பார்த்ததுமே, விற்காமல் கிடக்கும் சரக்கை முதலில் எடுத்துப் போடும் பையன்கள் நைசாக நகர்ந்துவிடுவார்கள். பலராமன்தான் வந்து நிற்பார். வில்லியனூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் மனிதர். காலையில் வயலைப் பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்து பட்டு விற்பவர். ஜீனத்தம்மாவிடம் பேச்சு பலிக்காது என்பது அவருக்கு என்றைக்கோ புரிந்துவிட்டது.

ஜீனத்தம்மா புடவையைக் கடைக்குள் வைத்துப் பார்க்கவே மாட்டார். கட்டப்போகிற பெண்ணை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, தோளில் போட்டு, முகத்தைப் பார்ப்பார். டியூப் லைட் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டு சுலோசனாவின் பெண் கறுப்பு என்று ஊரே வெளிர் நிறமாகத் தேடியபோது, அவளுக்கு நல்ல கடுகு மஞ்சளை எடுத்துக் கொடுத்தவர் அவர். அந்தப் புடவையில் எடுத்த கல்யாணப் படம் இன்றும் சுலோசனா வீட்டு ஹாலில் தொங்குகிறது. போகிறபோதும் வருகிறபோதும் ஜீனத்தம்மா அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே இப்போது கல்யாணம். மகன் ஃபவாஸுக்கு. நிக்காஹ் பட்டு மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் போக வேண்டும். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் எடுத்தவர் தன் மருமகளுக்கு என்ன எடுக்கிறார் என்று நாலு தெரு காத்திருந்தது. கணவர் கமருஸ்ஸமானின் பாத்திரக் கடைக்கு வருகிறவர்கள்கூட, குக்கர் விலையைக் கேட்டுவிட்டு அடுத்ததாகப் புடவையைத்தான் கேட்டார்கள்.

மணப்பெண் அனம், மூலக்குளத்துப் பெண். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை. உயரம் என்று பார்த்தால் ஃபவாஸின் சட்டைப் பைக்குத்தான் வருவாள். அவளைக் கண்டுபிடித்ததே ஜீனத்தம்மாதான். சர்க்கரை பார்க்கப் போனபோது, இரண்டு பேர் குத்திக் குத்தி நரம்பு கிடைக்காமல் விட்டுப் போன கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவள் ஊசியோடு வந்ததும், பெரியவங்க யாராவது இருந்தா கூப்பிடு பாப்பா என்று சொல்லிவிட்டார். இங்க பெரியவ நான்தான் மாமி என்று சிரித்துக்கொண்டே ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே, யார் வீட்டுப் பெண், மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்பது வரை ஜீனத்தம்மா விசாரித்து முடித்தார்.

உயரத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒரு யோசனை. பாரீசில் இருக்கும் நாத்தனார், வெள்ளை கவுன்களையும் அடியில் கட்டை வைத்த செருப்புகளையும் தினம் ஒன்றாகப் போனில் அனுப்பினாள். கொண்டையை உயரமாகப் போட்டால் நாலு விரல் கூடும் என்றார்கள் சிலர். ஜீனத்தம்மா எல்லாருக்கும் தலையாட்டினார், யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. குள்ளமான பெண்ணுக்குப் பார்டர் சின்னதாக இருக்க வேண்டும், தலை முதல் கால் வரை ஒரே நிறமாக ஓட வேண்டும், பூவேலை பொடியாக இருக்க வேண்டும். பார்க்கிறவர் கண் எங்கும் நிற்காமல் மேலிருந்து கீழே போனால் ஆள் உயரமாகத் தெரிவாள். இதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

ஆகவே கடையில் வேலை சீக்கிரமே முடிந்தது. அனம், அவளுடைய அம்மா, ஜீனத்தம்மா, மூன்று பேர்தான் போயிருந்தார்கள். பலராமன் எடுத்துப் போட்டதில் ஒரு மாம்பழ மஞ்சள். விரல் அகலத்தில் பார்டர். சுடிதார் மேலேயே சுற்றிவிட்டு, வாசலில் நிறுத்திப் பார்த்தால், பெண் நிஜமாகவே வளர்ந்துவிட்டாள். அனமின் அம்மாவுக்குக் கண் கலங்கியது. பலராமன் பில் போடப் போகலாமா என்று பார்த்தார்.

ஜீனத்தம்மா அனமின் முகத்தைப் பார்த்தார். நல்லாருக்கு மாமி என்றாள் அனம். ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பவர்களிடம் அடுத்த ஆள் வாங்க என்று சொல்லும் குரல் அது. இந்த வயதுக்குள் எத்தனை பெண்களின் முகத்தைப் புடவைக்கு மேலே பார்த்திருக்கிறார் அவர்! பிடித்த புடவையைப் போட்டால் கழுத்து தானாக நிமிரும். இவள் கழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது.

மனசுல இருக்கறதச் சொல்லு என்று கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றாள். அவள் அம்மா வேறு, மாமி எடுத்தா அதுக்கு மேல பேச்சு இன்னா இருக்கு என்று நடுவில் வந்தார். ஜீனத்தம்மா அவரை ரோஸ்மில்க் குடிக்கச் சொல்லி உட்கார வைத்துவிட்டு, மறுபடி கேட்டார். அப்புறம்தான் அனம் வாய் திறந்தாள்.

"எனக்கு இன்னிக்கும் சட்டை எடுக்கறது குழந்தைங்க பகுதியிலதான் மாமி. செருப்பும் அங்கதான். எல்லாத்துலயும் சின்னப் பூ, சின்ன பார்டர், சின்ன சைஸு. ஒரு நாளாவது பெரிய பொம்பளைங்க கட்டுற மாதிரி அகல பார்டர் போட்ட புடவை கட்டிப் பாக்கணும். உயரமா தெரியணும்னு எனக்கு இல்ல."

சொல்லிவிட்டு, அலமாரியில் வந்ததிலிருந்து தான் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றைக் கை காட்டினாள். கத்திரிப்பூ நிறம். ஒரு பக்கம் ஒரு சாணுக்கு மேல் அகலமான ஜரிகை பார்டர், மறு பக்கம் கயிறு மாதிரி ஒரு கோடு. உடலில் பூவே இல்லை, உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரி.

ஜீனத்தம்மாவுக்குச் சுருக்கென்றது. தானும் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டவர்தானே. இது உனக்குச் சரிப்படாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லாமல் புடவையைப் பிரிக்கச் சொன்னார்.

கட்டிப் பார்த்ததும் நடந்தது அவர் நினைத்ததேதான். ஜரிகை பாதத்தில் தொடங்கிக் கிட்டத்தட்ட முழங்கால் வரை ஏறியது. பாதி அனமைக் காணோம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். அனமும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபடியே, மடிச்சு வெச்சிருங்க அண்ணே, மஞ்சளே போதும் என்றாள். எடுத்துக் கொடுத்தவரே சரி, கேட்டவள் தப்பு என்று ஆகிவிட்டது. இந்த மாதிரி ஜெயித்து வீட்டுக்குப் போக ஜீனத்தம்மாவுக்கு மனசு வரவில்லை.

அவிழ்ப்பதற்காகக் குனிந்தார். அனமின் இடுப்பில் செருகியிருந்த துணி ஒரு பெரிய கொத்தாகக் கையில் வந்தது. குள்ளமான பெண் என்பதால் புடவையின் மேல்பக்கம் ஒரு சாணுக்கு மேல் உள்ளே மடித்துச் செருக வேண்டியிருந்தது. நல்ல பட்டு, யார் கண்ணிலும் படாமல் உள்ளே. வெளியே தெரிய வேண்டாத ஜரிகையோ கீழே ஊருக்கெல்லாம் தெரிந்துகொண்டு. ஜீனத்தம்மா கொத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"பலராமா, இத தலைகீழா திருப்பு."

பலராமனுக்குப் புரியவில்லை. பெரிய பார்டர் மேல போயிடும்மா, அப்படி யாரும் கட்ட மாட்டாங்க என்றார். திருப்பு என்றார் ஜீனத்தம்மா.

அவரே கட்டினார். கயிறு மாதிரி இருந்த கோடு பாதத்தில் ஓடியது. அகல ஜரிகை இடுப்பில் அந்தக் கூடுதல் மடிப்போடு உள்ளே போனது. கனம் சேராமல் இருக்கச் சுருட்டாமல் தட்டையாக மடித்துச் செருகினார். அதே ஜரிகை மார்பின் குறுக்கே வெளியே வந்து தோளில் ஏறியது. முந்தியை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டதும் ஒரு சாண் ஜரிகை அனமின் முகத்தைச் சுற்றி வந்து நின்றது. காலிலிருந்து மார்பு வரை தடையில்லாத கத்திரிப்பூ நிறம், அதற்கு மேலே முழுக்க ஜொலிப்பு. சின்னப் பெண் மாதிரியும் இல்லை, வளர்த்துவிட்ட பெண் மாதிரியும் இல்லை. ஒரு வீட்டின் மூத்த மருமகள் நின்றுகொண்டிருந்தாள்.

அனமின் கழுத்து நிமிர்ந்திருந்தது.

அவள் அம்மாவுக்குத்தான் பயம். மண்டபத்தில் பெண்கள் சும்மா இருப்பார்களா, ஜீனத்தம்மா மருமகளுக்குப் புடவையைத் தலைகீழாகக் கட்டிவிட்டார் என்று காலத்துக்கும் பேசுவார்களே என்றார். அது ஜீனத்தம்மாவுக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் சேர்த்த பெயர் ஒரே நாளில் சிரிப்பாய்ச் சிரிக்கலாம். ஒரு நிமிஷம் மஞ்சள் புடவையைப் பார்த்தார். பிறகு அனமைப் பார்த்தார்.

"பேசறவங்க பேசட்டும். இதையே பில் போடு."

பேசத்தான் செய்தார்கள். நிக்காஹ் அன்று பெண்கள் பக்கம் அனம் வந்து உட்கார்ந்ததும் ஒரு குசுகுசுப்பு கிளம்பியது. பாரீஸ் நாத்தனார் நேராகவே வந்து, அவசரத்துல மாத்திக் கட்டிட்டீங்களா அண்ணி என்று கேட்டாள். யோசிச்சுத்தான் கட்டினேன் என்றார் ஜீனத்தம்மா. நாத்தனார் திரும்பித் திரும்பி இரண்டு தடவை பார்த்துவிட்டு, தன் மகளுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சுலோசனா மட்டும் எதுவும் கேட்காமல் அனமின் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள்.

துஆ ஓதி முடிந்து, ஃபவாஸ் பெண்கள் பக்கம் வந்து நின்றான். படம் எடுக்க வந்த தீபலட்சுமி கேமராவில் ஒரு தடவை பார்த்துவிட்டு, மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு மரப் பலகையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். பெண் அதில் ஏறி நின்றால் மாப்பிள்ளைக்குச் சரியாக வரும், புடவை மறைத்துவிடும், யாருக்கும் தெரியாது என்றாள். பாவம், அவளுக்கு வேலை தெரியும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அனம் மறுபேச்சில்லாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு காலை எடுத்து வைத்தாள். பள்ளிக்கூடப் படத்திலிருந்து அவளுக்குப் பழக்கமானதுதான். தூக்கிய வேகத்தில் கழுத்து தாழ்ந்ததை ஜீனத்தம்மா பார்த்தார்.

"பலகைய எடுத்துடும்மா," என்றார். மண்டபம் முழுக்கக் கேட்கும் குரல்தான் அவருக்கு எப்போதும். "நாற்காலி கொண்டாந்து போடச் சொல்லு. நாங்கல்லாம் உக்காந்துக்கறோம். என் மருமவ நிக்கட்டும்."

சொன்னவர் முதல் ஆளாக உட்கார்ந்தார். ஃபவாஸ் சிரித்துக்கொண்டே அனமுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். கமருஸ்ஸமானை வெளியிலிருந்து கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அனமின் பெற்றோரும் பாரீஸ் நாத்தனாரும் உட்கார்ந்தார்கள். நடுவில் அனம் மட்டும் வெறும் தரையில், கத்திரிப்பூப் பட்டு பாதம் வரை இறங்க, முகத்தைச் சுற்றி ஒரு சாண் ஜரிகையோடு நின்றாள்.

எல்லாரும் இங்க பாருங்க என்று தீபலட்சுமி எத்தனை முறை சொல்லியும் ஜீனத்தம்மா கேமராவைப் பார்க்கவில்லை. பெருமை தாங்காமல், அண்ணாந்து மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.